அய்யாவுக்கு நான் பார்த்துக் கொடுத்த டயர்

இன்றைக்கும் டயர் கடைக்கு மட்டும் நான் போகமாட்டேன். ஸ்கூட்டருக்கு டயர் மாற்ற வேண்டுமென்றால் சாவியைக் கணவர் கையில் கொடுத்து, "எதையாவது மாட்டிட்டு வாங்க, எங்கிட்டக் கேக்காதீங்க" என்று சொல்லிவிடுவேன். ஒரு சேலைக்கு நாலு கடை ஏறி இறங்குகிறவளுக்கு டயரில் மட்டும் என்ன இவ்வளவு பற்றின்மை என்று அவர் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். ஆயுசிலேயே நான் டயர் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவே போதும் சாமி.

அப்போது நாலாம் வகுப்பு படித்தேன். எங்கள் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். அய்யா சொந்தமாக ஒரு டிரெய்லர் லாரி ஓட்டினார். வாலிநோக்கம் உப்பளத்தில் மூட்டை ஏற்றித் தூத்துக்குடியில் இறக்குவார். திரும்பி வந்ததும் நீளமான பின்பெட்டியை உப்பளத்திலேயே கழற்றி நிறுத்திவிட்டு, முன்வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடுவார். உடம்பை அங்கே விட்டுவிட்டுத் தலை மட்டும் சோறு தின்ன வருகிறது என்று ஊரில் சிரிப்பார்கள். எனக்கோ பெருமை பிடிபடாது. எங்கள் வகுப்பில் வேறு எவளுடைய அப்பா லாரியில் வீட்டுக்கு வருகிறார்?

காலையில் நான் எழும்போது அவர் போயிருப்பார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கண்மாய்க்கரை மண்ரோட்டில் அவர் வண்டித் தடம் கிடக்கும். முன் டயர் போட்ட தடத்தைப் பின் டயர் ஏறி அழித்துவிடும். மிஞ்சுவது பின் டயர் தடம்தான். அதன்மேல் கால் வைத்தே தார்ரோடு வரைக்கும் நடப்பேன். எவனாவது சைக்கிளை அதன்மேல் விட்டால் அன்றைக்கு அவனோடு சண்டை.

அந்த வருடம் பின் டயர் நாலும் மொட்டையாகிவிட்டன. சாயல்குடி தாண்டி ஒன்று வெடித்தும் விட்டது. அதே சமயத்தில் தூத்துக்குடியில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். துறைமுகத்திலிருந்து குஜராத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப் போகிற லைன் இருக்கிறதாம். மழைக்காலத்தில் உப்பளம் படுத்துவிடும், இந்த லைனில் வருடம் முழுக்க வண்டி ஓடுமாம். ஒரு நடை போய்வர இருபது நாள்.

அம்மாவுக்கு அதில் துளிக்கூட இஷ்டமில்லை. அய்யா என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் "பாப்போம்" என்பார். டயரோ காத்திருக்காது. உப்பளத்துக்கு ஒரு மாதிரி டயர், லாங் லைனுக்கு வேறு மாதிரி. எதை மாட்டுகிறாரோ அந்தப் பக்கம் போவார் என்று அர்த்தம். அன்றைக்கு இராமநாதபுரத்துக்கு லாரியில் ஏறிய மூன்று பேரில், டயர் வாங்கப் போகிறோம் என்று நினைத்தவள் நான் ஒருத்திதான்.

கடைக்காரர் ஒரு பாய். அய்யாவுக்குப் பழக்கம். இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் சாத்தினார். ஒன்றில் குறுக்கே கட்டை கட்டையாக ரப்பர். பள்ளத்துக்குள் என் கை மணிக்கட்டு வரை போனது. இன்னொன்றில் வளைந்து வளைந்து ஓடும் நீளக் கோடுகள்.

"அண்ணே, சேத்துக்குள்ள இழுக்கணும்னா கட்டைதான். எம்புட்டு லோடு ஏத்துனாலும் மண்ணக் கவ்விக்கிட்டு ஏறிரும். ஆனா தார்ரோட்டுலயே விட்டீங்கன்னா சூடாகிச் சீக்கிரம் தேஞ்சிரும். லாங்குக்குப் போறதா இருந்தா இந்தக் கோடு போட்டத மாட்டுங்க, வடக்க போய்ட்டு வந்தாலும் அலுங்காது. எங்க போறீங்கன்னு சொல்லுங்க, நான் எதுன்னு சொல்றேன்" என்றார் பாய்.

அய்யா டயரை விரலால் தட்டிக்கொண்டே நின்றார்.

அம்மா அதுவரை லாரி விஷயத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் திறந்தாள். "மழ பேஞ்சா நம்ம கண்மாய்க்கர என்ன கதியாகும்? இந்தக் கோட்ட வச்சுக்கிட்டு எப்படி ஏறுவீக?"

"கர வழியா வந்தாத்தான?"

"வரமாட்டீகளா?"

அய்யா டயரைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். அம்மா விடவில்லை. "உப்பளத்துச் சேறு வழுக்கும். போன வருசம் மாட்டிக்கிட்டு அரநாளு நின்னீகள்ல? கட்டையே வாங்குங்க." என் அம்மாவுக்குச் சேற்றைப் பற்றி இவ்வளவு தெரியுமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். சேற்றைப் பற்றித்தான் பேசுகிறாள் என்றே நினைத்தேன், மக்கு.

அய்யா சட்டென்று என் தலையில் கை வைத்தார். "பாப்பா சொல்லட்டும். அது எதத் தொடுதோ அத மாட்டுவோம்."

அம்மா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சாயங்காலமானால் தெருமுனைக்கு ஓடிப்போய் நின்று, அவர் வரும்வரை வீட்டுக்குள் வராதவள் நான். நான் எதைச் சொல்வேன் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த டயருக்கு எந்த ஊர் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லையே! பாய் சொன்னதில் லாங் என்றால் என்னவென்றுகூட எனக்குத் தெரியாது.

எனக்கு என் கவலை. பஞ்சர் பார்க்கிற தொட்டிக்குப் பக்கத்தில் ஈரமண் கிடந்தது. "ரெண்டையும் அங்கன உருட்டிக் காட்டுங்க" என்றேன். பாய் சிரித்துக்கொண்டே உருட்டினார். கட்டை டயர் மண்ணைக் குதறிப்போட்டது. டிராக்டர் ஏறிய மாதிரி ஒரே அசிங்கம். கோட்டு டயர் போன இடத்தில் அம்மாவின் பட்டுச்சேலைக் கரை மாதிரி ஒரு தடம் விழுந்தது. ஆகா, இதன்மேல் தினமும் நடந்து பள்ளிக்கூடம் போகலாம்! நான் ஓடிப்போய் அந்த டயரைக் கட்டிக்கொண்டேன்.

"இதா? நல்லாப் பாத்தியா?" என்றார் அய்யா.

"இதேன்."

அவர் என் கையைப் பிடித்துக் கட்டை டயரின் பள்ளத்துக்குள் வைத்தார். "இந்தா, இதப் பாரு. எவ்வளவு ஆழம் பாரு. இது நல்லாயில்ல?"

எங்கள் கணக்கு டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. சரியான விடை சொன்னாலும், "நல்லா யோசிச்சியா?" என்று மிரட்டிப் பார்ப்பார். மாற்றிச் சொன்னால் போச்சு. சொன்னதிலேயே நின்றவளுக்குத்தான் கைதட்டு. அந்த வித்தை எனக்கு அத்துப்படி. "அது வேணாம். இதேன்" என்றேன்.

மூன்றாம் தடவை குத்தவைத்து, என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "கடைசியாக் கேக்குறேன் தாயி. எது?"

நான் கையை எடுக்கவே இல்லை. அய்யா முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். "சரி பாய். மாட்டிருங்க." அம்மா லாரிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். யாரும் கை தட்டவில்லை என்று எனக்குக் கோபம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு டயருக்கும் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி அய்யா கிளம்பினார். அந்த அழகான தடத்தின்மேல் நான் பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு வண்டி ஊருக்குள் வரவில்லை. தூத்துக்குடியில் நிறுத்திவிட்டு அவர் பஸ்ஸில் வருவார். இருபது நாள் என்றது முப்பதானது, நாற்பதானது. வந்தால் இரண்டு நாளும் தூக்கம். நாங்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடுவோம். தூங்குகிறவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எழுப்ப மனசு வராது, எழுந்திருக்கமாட்டாரா என்றும் இருக்கும். நான் வயசுக்கு வந்தபோது சீரெல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தார். எனக்கென்று குஜராத்திலிருந்து கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தார். ஒன்றுகூடக் கையில் ஏறவில்லை. அவர் மனசில் இருந்த பிள்ளைக்கு வாங்கியிருக்கிறார். நான் சோப்புப் போட்டுப் போட்டு ஏற்றிப் பார்த்து அழுதேன்.

எனக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போன வருடம் வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு வந்தார். நான் வெளியே போனேன், அவர் உள்ளே வந்தார். இப்படியும் ஒரு பொருத்தம்.

போன பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவும் நானும் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் அந்த டயர் கடை வந்தது. அம்மா சாதாரணமாகச் சொன்னாள்:

"ஒன்னய எதுக்குக் கூட்டிட்டுப் போனாருங்கிற? ஒங்க மாமன் மொகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. பொண்டாட்டி பேச்சக் கேட்டு நின்டுட்டான்னு ஊரு சொல்லும். புள்ள அடம்பிடிச்சுக் கட்டை டயர மாட்ட வச்சிருச்சுன்னா யாரு என்ன சொல்லப் போறா? அதுக்குத்தேன். நீ என்னடான்னா அந்தப் பக்கட்டுப் போயி ஒட்டிக்கிட்ட."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மிளகாய் நெடி என்று நான் எழுந்து வந்துவிட்டேன். அய்யாவுக்குப் போக மனசில்லை. அது எனக்குத் தெரியாது. மூன்று தடவை அவர் கேட்டது பரீட்சை இல்லை, என்னிடம் கெஞ்சியிருக்கிறார். ஒன்பது வயசுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு அப்பா தன் பிள்ளையிடம் கெஞ்சுவார் என்று எந்த டீச்சர் சொல்லிக்கொடுத்தார்?

அய்யா வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அய்யா, அன்னைக்கு டயரத் தப்பாச் சொல்லிட்டேனா?"

எந்த டயர், எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. நகம் வெட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்:

"சேச்சே. நல்ல டயருதேன் தாயி அது. அம்புட்டுத் தூரம் ஓடியும் ஒரு எடத்துலகூட என்னய நிறுத்தல."