கயிறு சுற்றிய பூவரசு

பூவரசு இலையைச் சுருட்டி ஊதினால் உதட்டில் ஒரு பச்சைக் கசப்பு ஒட்டும். பேசவே கூச்சப்பட்ட சிறுமியான நான், கடலூர்ப் பூங்காவில் நின்ற பெரிய பூவரசின் இலையில் "பீப்பி" செய்து ஊதுவதற்கு மட்டும்தான் வாய் திறப்பேன். வெள்ளைக்காரன் கப்பலைக் கட்டிப்போட்ட மரம் அது என்பார்கள் கடைத்தெருக்காரர்கள். எங்கள் மீனவக் குப்பத்தின் கதை வேறு: கடல் ஊருக்குள் புகுந்தபோது அதன் கிளையைப் பிடித்துப் பிழைத்தவர்களின் வம்சம் நாங்கள். அதனால் கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்குப் புதிதாகக் கயிறு வாங்கினால், முதலில் அந்த மரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் கடலுக்குக் கொண்டுபோவோம்.

ஓர் ஐப்பசிப் புயலில் மரம் சாய்ந்தது. மறுநாள் ரம்பத்தோடு ஆள் வருவதாகப் பூங்கா வாட்ச்மேன் சொன்னார். அப்பா வாங்கிய புதுக் கயிறு இன்னும் சுற்றப்படாமல் வீட்டில் கிடந்தது.

"படுத்த மரத்துல எப்புடி சுத்துறது? எழுப்பிட்டுச் சுத்துவோம்" என்றார் அப்பா.

"மீன் புடிக்கிற கயித்துல மரத்தப் புடிக்கப் போறீங்களாக்கும்" என்று வாட்ச்மேன் சிரித்தார்.

"ஆமாண்ணே, நீங்க போயி மசாலா அரச்சி வைங்க" என்றார் அம்மா.

கிளைகளைக் கழித்து, குழியை ஆழப்படுத்தி, கயிற்றைக் கட்டி, குப்பமே வலை இழுப்பதுபோல் "ஏலேலோ" போட்டுக்கொண்டு பின்னால் நடந்தது. கயிற்றின் வாலில் நானும் இருந்தேன். கடற்கரையில் எவ்வளவு தூரமும் பின்னால் போகலாம். பூங்காவுக்கு மதில் உண்டு என்பது யாருக்கும் நினைவில்லை. மரம் பாதி எழுந்தபோது எங்கள் முதுகு மதிலில் முட்டியது.

"வுட்றாதீங்க" என்று அப்பா கத்தினார். புயலில் விரிசல் கண்டிருந்த மதில் எங்கள் பாரம் தாங்காமல் வெளிப்பக்கம் சரிய, கயிற்றோடு நடுரோட்டுக்கு வந்துவிட்டோம். சிதம்பரம் பஸ் நின்றது.

"ரோட்ட வுடுவீங்களா மாட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

"எறங்கி ஒரு கை புடி மச்சான், சீக்கிரம் போயிடலாம்" என்றார் அப்பா.

அவர் இறங்கினார், பின்னாலேயே பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கினார்கள். அடுத்த ஏலேலோவில் என் குரல் எனக்கே கேட்டது. மரம் நிமிர்ந்து நின்றது. முதல் கூடை மண்ணைக் கொட்டியவர் வாட்ச்மேன்.

மதில் போனது போனதுதான். அங்கே இப்போது வாசல். கரைவலையும் குறைந்து, தேங்காய் நார்க் கயிறு போய் நைலான் வந்துவிட்டது. சென்ற வாரம் தம்பி புதுக் கயிறு சுற்றினான். மரம் பருத்துவிட்டதால் மறுபக்கம் நின்று நுனியை வாங்கித் தர நான் வேண்டியிருந்தது. பிறகு ஓர் இலையைப் பறித்துச் சுருட்டி ஊதினேன், இந்த வயதில், நட்ட நடுப்பகலில், பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க.