அதுங்களுக்கு நல்ல தண்ணி

எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். போன வாரம் குடம் ஓட்டையாகிவிட்டது. பரணில் கிடந்த நீல நிற கேனை இறக்கி மூடியைத் திருகினேன். குப்பென்று கடல் வாசனை.

உத்திரமேரூர்ப் பக்கம் வந்திருக்கிறீர்களா? ஏரி வாசனை உண்டு, நெல் அவிக்கிற வாசனை உண்டு. கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு பஸ் மாறிப் போனால்தான் அலையைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஊரில், ஒரு தொகுப்பு வீட்டுக்குள், நான் கடல் மீன் வளர்த்தேன். எட்டாவது ஃபெயில் ஆனவன் செய்கிற காரியம்தான்.

நான் ஓரிடத்தில் நிற்கிறவன் இல்லை. போர்வெல் வண்டியில் ஆந்திரா, ஒரிசா என்று குழாய் தூக்கினேன். செங்கல் சூளை, கல்யாண மண்டபம், எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாகக் கடற்கரையோரம் ஒருவர் அலங்கார மீன் பண்ணை வைத்திருந்தார். அங்கே ஒரு வருஷம் தொட்டி கழுவினேன். கிளம்பும்போது சம்பள பாக்கிக்குப் பதிலாக ஒரு ஜோடி மீனைப் பையில் காற்றடைத்துக் கொடுத்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. விரல் நீளம்தான் இருக்கும்.

என் மனைவி அஞ்சலை பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இன்னாயா இது, காவி கட்டிக்கினு பட்டை போட்டுக்கினு கீது? சாமியாரா?" என்றாள். அன்றிலிருந்து அதுங்களுக்குப் பெயர் சாமியார்தான்.

அந்த மீனில் பெண்தான் பெரிசு. தொட்டிக்குள் போட்ட உடைந்த சட்டி ஓட்டில் முட்டை ஒட்டிவிட்டு அது பாட்டுக்குத் திரியும். ஆண் அந்த இடத்தை விட்டு நகராது. செட்டையால் விசிறிக்கொண்டே இருக்கும், கெட்ட முட்டையை வாயால் பொறுக்கி எடுக்கும். கையை விட்டால் கடிக்கும். எட்டு நாள் இந்தக் காவல். அஞ்சலை தொட்டி முன்னால் உட்கார்ந்து பார்ப்பாள். என்னையும் பார்ப்பாள். "சாமியாருக்குக் கீற குடும்பப் பொறுப்பு ஒனக்கு இல்லியே" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் சொல்லாமல் இருந்ததில்லை.

முதல் நான்கு ஈட்டுக் குஞ்சுகளும் செத்தன. குஞ்சு கண்ணும் வாலுமாக ஒரு கோடு, அவ்வளவுதான். அதற்குத் தீனி, கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. பூச்சிக்குத் தீனி பாசித் தண்ணீர். ஆக மீன் வளர்க்க முதலில் தண்ணீரைப் பச்சையாக வளர்க்க வேண்டும். வாசலில் வரிசையாகப் பச்சைத் தண்ணீர் பாட்டில்களை வெயிலில் வைத்திருந்தேன். தெருவே சிரித்தது. ஐந்தாவது ஈட்டில் பதினோரு குஞ்சுகள் பிழைத்தன. பத்துப் பன்னிரண்டு நாளில் ஒவ்வொன்றாகப் பட்டை விழுந்தது. நடவு முடிந்து சேற்றுக்காலோடு வந்த அஞ்சலை, கால் கழுவாமல் எண்ணினாள். "எல்லாம் தீட்சை வாங்கிக்கிச்சு" என்றாள்.

அந்தப் பதினொன்றையும் ஒரு கடைக்காரர் எடுத்துக்கொண்டார், இன்னும் கேட்டார். அந்த வருஷம் நான் எங்கேயும் போகவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் வீட்டில் தொடர்ந்து இருந்தது அந்த ஒரு வருஷம்தான். அவளுக்கு மீன் மேல் அத்தனை பிரியம் எதனால் என்று எனக்கு அப்போது புரியவில்லை. மீன் இருந்தால் நான் இருப்பேன். அவள் கணக்கு அவ்வளவுதான்.

கோடையில் போர் வண்டிக்காரர் போன் செய்தார். இருபது நாள் வேலை என்றார். கால் அரித்தது, கிளம்பிவிட்டேன். இருபது நாள் இரண்டரை மாதம் ஆனது.

நடுவில் அவள் போனில், ஆண் மீன் சரியாகத் தின்பதில்லை என்றாள். நான் ஏதோ ஒரு காட்டில் மெஷின் சத்தத்துக்கு நடுவே நின்றிருந்தேன். "தண்ணி கொறைஞ்சா நல்ல தண்ணி ஊத்து" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெயிலில் தொட்டியிலிருந்து தண்ணீர்தான் ஆவியாகும். உப்பு போகாது, உள்ளேயே தங்கும். அதனால் குறைந்த அளவுக்கு நாம் குடிக்கிற தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். நான் தினமும் அப்படித்தான் செய்தேன், ஆனால் அவள் நடவுக்குப் போன பிறகு. அவள் பார்த்ததெல்லாம் நான் மாதம் ஒருமுறை இந்த நீல கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து மாற்றுவதைத்தான்.

நான் திரும்பி வந்த அன்று ஆண் செத்து நான்கு நாள் ஆகியிருந்தது. முருங்கை மரத்தடியில் புதைத்திருந்தாள். பெண் மீன் தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. கண்ணாடி விளிம்பெல்லாம் வெள்ளைப் பொருக்கு. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கடலை விடக் கரித்தது.

என்ன தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை கேனை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு போய், அங்கே பஸ் மாறி, சதுரங்கப்பட்டினம் கடலில் இடுப்பளவு இறங்கி மொண்டு வந்திருக்கிறாள். கரையோரம் கலங்கல், அதனால் உள்ளே போனாளாம். கேனில் என்ன, சாராயமா என்று கண்டக்டர் கேட்டதற்கு "கடலு" என்றாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் பெருமை.

"நல்ல தண்ணின்னா குடிக்கிற தண்ணிடி" என்றேன்.

"அது நமக்கு நல்ல தண்ணி. அதுங்களுக்குக் கடல் தண்ணிதானய்யா நல்ல தண்ணி?"

நான் என்னவெல்லாம் திட்டினேன் என்பதை எழுத மாட்டேன். அவள் குனிந்து தொட்டி விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கால் வீங்கியிருந்தது, மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. கேன் தூக்கி அலைந்த வீக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

மறுநாள் பெண் மீனும் செத்தது. மூன்றாம் நாள் பையை எடுத்தேன். வாசலில் நின்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"மீனு பூட்ச்சி. நீயும் பூடுவியா?"

போனேன்.

அடுத்த தை மாதம் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டது என்றார்கள். வாரம் இரண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ண அழைத்துப் போனேன். உடம்பில் உப்பு தங்கிவிடுகிறது, வெளியே போக மாட்டேன் என்கிறது என்று நர்ஸம்மா விளக்கினார். எனக்குத் தொட்டி ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர் என்று அளந்து கொடுத்தேன். "நல்ல தண்ணிதானே?" என்று ஒருநாள் கேட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஆடி வரை இருந்தாள்.

தொட்டியை எதிர் வீட்டுக்காரர் கோழிக்குஞ்சு விட வாங்கிப் போனார். பாட்டில்களெல்லாம் பழைய சாமான்காரனிடம் போயின. நடவுக்கு இப்போது மெஷின் வருகிறது, சேற்றுக்காலோடு யாரும் வீட்டுக்குள் வருவதில்லை. போர் வண்டிக்காரர் இப்போதும் போன் செய்கிறார். நான் எங்கேயும் போவதில்லை. முழு நேரமும் வீட்டில்தான் இருக்கிறேன்.

கேனைக் கழுவலாம் என்றுதான் அன்று ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றினேன். அடியில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது கரையட்டும் என்று ஆட்டினேன். கொட்டப் போனவன் கொட்டாமல், கொஞ்சம் கையில் ஊற்றி வாயில் வைத்துப் பார்த்தேன்.

கரித்தது.