ஞானப்பூ அக்கா கேட்டவை

முதலில் என் கண்ணில் பட்டது குடை. கறுப்புத் துணியின் ஒரு பக்கம் வெள்ளைத் துணியால் பெரிதாக ஒட்டுப் போட்ட குடை. மயிலாப்பூரில் அப்படி வேறு குடை கிடையாது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த காலை. தையற்கூடத்தின் வாசலில் நின்றிருந்த நான், தெருக்கோடியில் அந்த வெள்ளை ஒட்டு அசைந்து வருவதைக் கண்டு, ஞானப்பூ அக்கா நோய்ப்படுக்கையை விட்டு எழுந்து வேலைக்கு வருகிறார் என்று உள்ளே ஓடினேன். அவருடைய மெஷினின் மூடியைக் கழற்றித் துடைத்து வைத்தேன். திரும்பி வந்தபோது குடை வாசலில் மடங்கிக்கொண்டிருந்தது. அடியில் இருந்தவர் அக்காவின் பக்கத்து வீட்டு மரியம் பீ.

"விடியக்காலைல போயிட்டாங்கம்மா. மழையா இருந்திச்சு, அவங்க குடையையே எடுத்துக்கினு வந்தேன்" என்றார்.

நான் உள்ளே போய் மெஷினைத் திரும்ப மூடினேன்.

ஞானப்பூ அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபைப் பெண்கள் நடத்தும் தையற்கூடத்தில் பதினைந்து வருஷம் வேலை செய்தவர். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கல்யாணமான நாலாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தில் பாதி மனப்பாடம். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அங்கே போனபோது, அவருக்கு அடுத்த மெஷினில் என்னை உட்கார வைத்தார்கள். மூன்று வருஷம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் போதகர் அம்மா, "மாதப் பத்திரிகைக்கு அவளைப் பற்றி நீயே எழுது, எஸ்தர்" என்றார். எனக்குப் பேச வராது; எழுத்து கொஞ்சம் வரும். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு அசதி வந்து பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறேன். அந்த அசதிக்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது.

தியாகராய நகரில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் காலம் இது. அங்கே ஒரு வீட்டில் பதினெட்டு ஜன்னலுக்கும் திரை தைக்க வேண்டும் என்று அளவெடுக்கப் போனோம். வெயிலில் நடந்து போனதில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்ததும் அக்கா அந்த வீட்டு அம்மாளிடம், "தாகமா கீதும்மா, மோர் இருந்தா குடுங்க" என்று கேட்டார். அம்மாள் கொல்லைப்பக்கம் வரச் சொல்லி, உயரத் தூக்கி ஊற்றினார். அக்கா இரண்டு கையையும் குவித்து வயிறு நிறையக் குடித்தார். "உனக்கு?" என்று அம்மாள் என்னைக் கேட்டார். "வேண்டாம்" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அக்காவுக்கும் சேர்த்து.

தெருவுக்கு வந்ததும் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். "ஜன்னலுக்கெல்லாம் பாவாடை கட்டிப் பாக்குறாங்க, பாத்தியா? நம்ம ஊட்ல ஜன்னலே இல்ல. துணி மிச்சம்."

"நமக்கு எதுக்கு அக்கா அதெல்லாம்" என்றேன், பக்தியாக.

"ஏன், உனக்கு ஆசையில்லையா? எனக்குக் கீது. திரைக்கு எடுத்து வச்சிருந்தாங்களே, அந்த ஊதாத் துணியை நானே சுத்திக்கினு ஓடிடலாமான்னு பாத்தேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "ஆசை வந்தா வரட்டும்டி. விருந்தாளி மாதிரி உக்கார வச்சு ஒரு வாய்த் தண்ணி குடு. சாவிக்கொத்தை மட்டும் கையில குடுத்துடாதே." அதன் பிறகு என் முகத்தைப் பார்த்து, "தாகம் ஆசையில்ல. அதை ஏன் வேணாம்னு சொன்னே?" என்றார். வீடு வரும்வரை எச்சிலை விழுங்கிக்கொண்டே வந்தேன்.

எங்கள் பெண்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, தேவைப் பெட்டி என்று ஒரு மரப்பெட்டியை மேஜைமேல் வைப்பார்கள். யாருக்கு எது தேவையோ அதைச் சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. போதகர் அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். அந்தப் பொருளைத் தரக்கூடியவர்கள் அடுத்த வாரம் கொண்டுவந்து பின்பெஞ்சில் வைத்துவிட்டுப் போவார்கள். கேட்டவர், எல்லோரும் கலைந்த பிறகு எடுத்துக்கொள்வார். எழுதத் தெரியாத ஆறேழு பேருக்கு நான்தான் எழுதித் தருவேன். வாயைத் திறக்காத பெண் என்பதால் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஆகவே பெட்டியில் பாதிச் சீட்டுகள் என் கையெழுத்தில் இருக்கும். எது யாருடையது என்று எனக்கு மட்டுமே தெரியும்.

அக்கா கேட்டவை இவை: முழங்காலுக்குத் தைலம். கூரைக்கு இரண்டு கட்டுக் கீற்று. பனிக்கு ஒரு போர்வை, கிழிந்ததானாலும் சரி. ஒருமுறை, "ஊதாப் புடவை ஒண்ணுன்னு எழுது" என்றார். நான் எழுதத் தொடங்கியதும் என் கையைத் தட்டினார். "ஏய், நெசமாவே எழுதுறியே! பெட்டி அதுக்கில்ல." சில மாதங்களில், "இந்த மாசம் எனக்குப் போதும், எழுதாதே" என்பார். அந்த மாதம் அவருடைய சீட்டே விழாது. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒருநாள் லஸ் முனையில் டிராமுக்காக நின்றுகொண்டிருந்தேன். யாரோ ரஸ்தாவைக் கடந்து வந்து என் தோளில் குத்தினார்கள். அக்கா.

"இன்னாடி திமிரு! எதிர்ல நின்னு கையைக் காட்டிக்கினே கீறேன், மகாராணி ஆகாசத்தைப் பாக்குறே!"

"தெரியலை அக்கா."

அவர் வந்துகொண்டிருந்த டிராமைக் காட்டினார். "பலகையில இன்னா எழுதியிருக்கு? எனக்குத்தான் படிக்கத் தெரியாது. நீ படி."

"வெள்ளையாக என்னவோ இருக்கிறது."

"பள்ளிக்கூடத்துப் பலகையில?"

"அதுவும் அப்படித்தான்."

"வாத்தியாரம்மாகிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. மந்தம் என்று பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். பின்வரிசையில் இன்னும் தெரியவில்லை. பிறகு நின்றுவிட்டேன். தெருவில் முகங்கள் தெரியாததால் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டேன். பார்ப்பவர்கள் கூச்ச சுபாவம் என்றார்கள். நானும் அப்படியே நம்பிவிட்டேன்.

டிராம் போய்விட்டது. இருவரும் ஏறவில்லை. "இந்த வெள்ளிக்கிழமை கண்ணாடின்னு எழுதிப் போடு" என்றார்.

வீட்டில் சொன்னபோது அம்மா, "கண்ணாடி போட்ட பொண்ணை யாரு கட்டிப்பா? தையலுக்குக் கிட்டத்துப் பார்வை போதாதா?" என்றாள். எனக்கும் அது ஆசைதான் என்று தோன்றியது. படிக்கவேண்டும், முகங்களைப் பார்க்கவேண்டும் என்கிற ஆசை. வெள்ளிக்கிழமை மற்றவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு என் சீட்டில் இப்படி எழுதினேன்: "எனக்கு ஒன்றும் தேவையில்லை. இருப்பதே போதும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அந்தப் பெட்டியில் அப்படி ஒரு சீட்டு விழுந்ததே இல்லை. போதகர் அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். பெண்கள் திரும்பி ஞானப்பூ அக்காவைப் பார்த்தார்கள். "வேற யாரு இப்படி எழுதச் சொல்லுவா?" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் கேட்டார். "உன் சீட்டுதானே?"

"ஆமாம்."

"பொய்யை ஏன்டி கர்த்தர் பேர்ல எழுதுனே?"

"போதும் என்று இருக்கணும் இல்லையா, அக்கா?"

"வாயை மூடிக்கினு இருக்கிறது வேற, போதும்னு இருக்கிறது வேற. நீ போதும்னு இல்ல. பயந்துக்கினு கீறே." அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "போதகரம்மாகிட்ட போய்ச் சொல்லிடு, அது ஞானப்பூ சீட்டு இல்லைன்னு. எனக்கு அந்தப் பேரு வேணாம்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. நாளாக நாளாக அந்தச் சீட்டு அக்காவினுடையதாகவே ஆகிவிட்டது. ஒன்றும் வேண்டாத ஞானப்பூ என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இந்த மழைக்காலத் தொடக்கத்தில் அக்கா நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். முதல் வெள்ளிக்கு முந்தைய மாலை பார்க்கப் போனேன். மூச்சு வாங்கியபடி, "சீட்டு எழுது" என்றார். "சாஞ்சுக்கத் தலகாணி ஒண்ணு. பகல்ல வந்து பக்கத்துல உக்கார ஒரு ஆளு. இந்தத் தரம் பேரும் போடு. ஆளு வரணும்னா ஊடு தெரியணுமே."

இரண்டு தேவைகளையும் எழுதினேன். பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்றும் வேண்டாதவர் என்று சபையே சொல்லும் ஒருவர் இப்படிக் கேட்கிறாரே, நாளை என்ன பேசுவார்கள் என்று நினைத்தேன். அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டேன். பெயரில்லாமலே சீட்டைப் பெட்டியில் போட்டேன்.

தலையணை அடுத்த வாரமே பெஞ்சுக்கு வந்தது. நல்ல இலவம்பஞ்சுத் தலையணை. நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஆள் வரவில்லை, எங்கே வருவார்கள்? பகலெல்லாம் நான் மெஷினில் இருந்தேன். மரியம் பீ மட்டும் தன் வேலைகளுக்கு நடுவே வந்து, கஞ்சி ஊற்றிக் கொடுத்து, கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

"பேரு எழுதினியா?" என்று அக்கா ஒருமுறை கேட்டார்.

"சீட்டு போட்டேன், அக்கா."

"எல்லாருக்கும் வேலை இருக்கும், பாவம்" என்றார். யார்மேலும் குறை சொல்லவில்லை. தலையணையைத் தடவிக்கொண்டே, "இது யாரு குடுத்தாங்களோ, நல்லா இருக்கட்டும்" என்றார். அதற்கு எட்டாம் நாள் மரியம் பீ குடையோடு வந்தார்.

அடக்க ஆராதனையில் போதகர் ஐயா அந்தச் சீட்டை வைத்துத்தான் பேசினார். "ஒன்றும் தேவையில்லை என்று எழுதிய சகோதரி, தன் கடைசிப் படுக்கையிலும் யாரிடமும் எதையும் கேட்காமல் போனார்" என்றார். அவர்மேல் பிழையில்லை, நான் மறைத்தது அவருக்கு எப்படித் தெரியும்? பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். எழுந்து நிற்கவேண்டும் என்று முழங்கால் வரை வந்தது. நிற்கவில்லை. அன்று பிடித்த அசதிதான் இது.

அக்காவை அறிந்த சகோதரிகளே, நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஞானப்பூவை என்னால் உங்களிடம் விட்டுவைக்க முடியவில்லை. அந்தச் சீட்டு என்னுடையது. அவர் கேட்டார். தாகத்துக்கு மோரும், குளிருக்குப் போர்வையும், படுக்கையில் துணைக்கு ஆளும் கேட்டார். உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பீர்கள். உங்களுக்குத் தெரியாதபடி மறைத்தவள் நான்.

குடையை மரியம் பீ என்னிடமே விட்டுப் போனார். அக்காவிடமிருந்து என் கையில் இருப்பது அது. காதில் இருப்பது, அந்த மத்தியானம் கொல்லைப்பக்கத்தில் தயங்காமல் மோர் கேட்ட அவர் குரல்.

இன்று மாதத்தின் முதல் வெள்ளி. மற்றவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்த பிறகு எனக்கு ஒரு சீட்டு எடுத்தேன். கண்ணாடியை யாரும் பெஞ்சில் வைத்துவிட்டுப் போக முடியாது. டாக்டரிடம் கண்ணைக் காட்ட நானேதான் போகவேண்டும்; உதவ வருகிறவருக்கு ஆள் யாரென்று தெரிய வேண்டும். "தூரத்துப் பார்வைக்குக் கண்ணாடி" என்று எழுதினேன். அதன் கீழே என் பெயரையும் வீட்டையும் எழுதி, மடித்து, பெட்டியில் போட்டேன்.