தப்தபானியில் சுண்ணாம்புக் குழி வாசனை

ஒரிசாவில் பெர்ஹாம்பூரிலிருந்து தப்தபானி வெந்நீர் ஊற்றுக்கு ஐம்பது கிலோமீட்டர். பஸ் கட்டணம் ஆளுக்கு ஐந்து ரூபாய். காலை ஏழு மணி வண்டியில் மாமாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, காலை நீட்டிக்கொள்ளட்டும் என்று எங்கள் தகரப் பெட்டியை அவருக்கு முன்னால் போட்டேன்.

மாமா என்றால் என் அக்கா புருஷன், சாமுவேல். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சுண்ணாம்புக் குழி வேலை. ஈரத்திலேயே நின்று நின்று முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி ஆகிவிட்டன. ஈஸ்டர் முடிந்ததும் மகள் எஸ்தருக்குக் கல்யாணம். எங்கள் சபையில் அப்பாதான் மகளோடு கைகோத்து, கோயில் வாசலிலிருந்து ஆல்டர் வரைக்கும் நடந்துபோய் மாப்பிள்ளை பக்கத்தில் விடவேண்டும்.

"நொண்டிக்கினு என் பொண்ணை இட்டுனு போகமாட்டேன். ஜனங்க அவளைப் பாக்கணுமா, என் காலைப் பாக்கணுமா? நீ தாய்மாமன், நீ இட்டுனு போ" என்று என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார். சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு டோல்மா ஞாபகம் வந்தது. திபெத்துக்காரி. குளிர்காலத்தில் வேலூரில் என் சைக்கிள் கடைக்கு எதிரே பிளாட்பாரத்தில் ஸ்வெட்டர் விற்பாள். பேரம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவள். "ஒரிசாவுல எங்க திபெத் ஜனங்க குடியிருப்புக்குப் போற வழியில பூமியே வெந்நீர் வைக்குது அண்ணே. முட்டி வலிக்காரங்க எல்லாம் அங்கதான் வருவாங்க" என்பாள். சீசன் முடிந்து ஊர் திரும்பியிருந்த அவளுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

திகபஹண்டி தாண்டியதும் வயல் முடிந்து காடு தொடங்கியது. பனிக்குள் மலைகள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. இலைக்கட்டுகளோடு ஏறிய பெண்கள் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கிப்போனார்கள். வண்டி ஏறுகிறதா இறங்குகிறதா என்றே புரியவில்லை. தூக்கத்தில் யாரோ நம்மைச் சுமந்துகொண்டு போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கண்டக்டர் மாமாவின் காலைப் பார்த்துத் தெலுங்கில் "முழங்காலா?" என்று கேட்டார். தோல் மண்டியில் கற்ற தெலுங்கில் மாமா "ரெண்டும்" என்றார். கண்டக்டர் ஊற்று இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

டோல்மா சாலையோரமே காத்திருந்தாள். "வாங்க அண்ணே, வெந்நீருக்குப் பேரம் கிடையாது!" என்று சிரித்தாள்.

மரங்களுக்கு நடுவே சின்னக் குளம். மேலே வெள்ளையாக ஆவி. அம்மன் சந்நிதியில் மணிச்சத்தம். இரண்டு படி இறங்கிய மாமா மூக்கை உயர்த்தினார். முகம் மாறிவிட்டது.

"மச்சான், கெட்டோம். இது சல்பைடு."

தோலிலிருந்து முடி கழல்வதற்காக எங்கள் பக்கம் சுண்ணாம்போடு கலக்கிற மருந்து அது. அழுகின முட்டை வாசனை. இங்கேயும் அதே வாசனைதான்.

"இது கந்தகம் மாமா. பூமிக்குள்ளேர்ந்து வர்றது."

"பூமி போட்டா இன்னா, மேஸ்திரி போட்டா இன்னா? எருமை முடியே ஒரு ராத்திரியில கூழாப் போவுது. என் காலு இன்னாத்துக்கு ஆவும்?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குளித்துவிட்டு வந்த ஒரிசாக்காரர்கள் அவரை வேடிக்கை பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இவ்வளவு தூரம் வந்து திரும்பினால், எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் போவாள்.

"ஸ்வெட்டரை மோந்து பாத்துட்டு வாங்காம போறவங்க மாதிரியே பண்றீங்களே அண்ணே" என்றாள் டோல்மா. பிறகு குளத்தோரம் குனிந்து, தன் நீளமான சடையின் நுனியைத் தண்ணீரில் விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். ஆவி அவள் முகத்தை மறைத்தது. சொட்டச் சொட்ட எடுத்து மாமாவிடம் நீட்டினாள். "உங்க டேனரியில எப்படிப் பாப்பீங்களோ அப்படிப் பாருங்க."

மாமா என்னைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சடை நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, தோலில் முடி தள்ளிப் பார்க்கிற மாதிரியே மெதுவாகத் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். அந்தக் குழியில் இத்தனை வருஷம் அவர் நம்பினது அந்த ஒரு விரலைத்தான்.

"கழல்ல" என்றார். "வழுக்கக்கூட இல்ல."

ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்து விழும் தொட்டி அறைக்கு மூன்று ரூபாய். மாமா கழுத்து வரைக்கும் உள்ளே போய்ச் சாய்ந்துகொண்டார். எதிரே நானும் கிடந்தேன். ஆவிக்குள் அவர் முகம் வந்து வந்து போயிற்று. கீற்று வெளிச்சம், எங்கோ ஒரு மயில், பூமிக்கு அடியிலிருந்து வரும் சூடு. நான் வேலூரில் இருக்கிறேனா, பிறப்பதற்கு முன்னால் இருக்கிறேனா என்று ஒரு கணம் தெரியவில்லை.

வெளியே வந்ததும் மாமா முழங்காலை மடக்கினார், நீட்டினார். "வா மச்சான், நீதான் எஸ்தர்" என்று என் கையைக் கோத்துக்கொண்டு காட்டுச் சாலையில் நடந்தார். "மெதுவா வா. கல்யாணப் பொண்ணு இப்டியா ஓடுவா?" டோல்மா வாயாலேயே மேளம் அடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். நாங்கள் கல்யாணத்தையே நடத்தி முடித்துவிட்டோம்.

மாலை நாலரைக்கு மலையிலிருந்து குளிர் இறங்கியது. கடைசி பஸ்ஸுக்கு எழுந்தபோது மாமாவின் முட்டி பழையபடி பிடித்துக்கொண்டது. முகம் செத்துவிட்டது. கையைக் கோத்து அவரைப் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். அவர் பாரம் முழுக்க என் தோளில்.

பின்னாலிருந்து டோல்மா சொன்னாள்: "மறுபடியும் கல்யாண நடையா? யாரு யாரைக் கூட்டிட்டுப் போறீங்கன்னே தெரியல அண்ணே."

மாமா நின்றுவிட்டார். "இன்னா சொன்னே?"

"இங்கேர்ந்து பாத்தா தெரியல. ரெண்டு பேரு கைகோத்துட்டுப் போறீங்க. அவ்ளோதான்."

பஸ் காட்டைவிட்டு இறங்கும்வரை எங்கள் துணியில் அந்த வாசனை இருந்தது. ஊரில் மூக்கைத் திருப்பிக்கொள்கிறோமே, அதே வாசனை. இங்கே அதைத் தேடி ரயிலேறி வருகிறார்கள். மாமா ஜன்னல் வழியே இருட்டும் மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். திகபஹண்டி விளக்குகள் தெரிந்தபோது என் தொடையைத் தட்டினார்.

"மச்சான், கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல உனக்கு வேலை இல்ல. நான் நொண்டினா இன்னா, எஸ்தர் என்னை இட்டுனு போவா. நீ பிரியாணி அண்டாகிட்ட நில்லு."