தபால் குமாஸ்தா க்வாபில் கொடுத்த ராணி

க்ருடிம் ஊர் தபால் ஆபீசில் லுடோமிர் க்வாபில் முத்திரை குத்தும் அழகைப் பார்த்தவர்கள், அவர் ஒரு செஸ் மாஸ்டர் என்றால் மறுபேச்சு இல்லாமல் நம்பிவிடுவார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் அத்தனை யோசனை. க்வாபில் என்ற பெயருக்கு எங்கள் பேச்சில் 'அவசரப்பட்டான்' என்று பொருள். அந்தக் குடும்பத்தில் யார், எப்போது அவசரப்பட்டார்களோ, அது நிச்சயம் இவர் இல்லை.

"மாஸ்டர், என் அத்தைக்கு உடம்பு சரியில்ல. அவ போய்ச் சேர்றதுக்குள்ள கடிதாசு போய்ச் சேருமா?" என்று வரிசையில் இருந்து யாராவது கேட்பார்கள். க்வாபில் தாடியைத் தடவிக்கொண்டு அதையும் யோசிப்பார்.

மாஸ்டர் பட்டம் வருவதற்கு முன்பு, சதுக்கத்துக் காபிக்கடையில் அவர் தோற்காத ஆள் கிடையாது. ரொட்டி சுடுகிறவனான என்னிடமே எத்தனையோ முறை தோற்றிருக்கிறார். ஆனால் தோற்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தாடியும் நன்றாக இருக்கும். எங்கள் செஸ் சங்கத் தலைவர், மருந்துக்கடை யாரோமிர் ஷ்டோல்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. ப்ராக் நகரப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது அவர் சொன்னார்: "மத்தவங்க நல்லா ஆடுவாங்க, சரி. போட்டோல யாரு நல்லா இருப்பா?"

அப்படித்தான் க்வாபில் போனார். துணைக்கு அவர் மனைவி அப்போலேனா, கூடை நிறைய கசகசா பன்களோடு. கூட்டத்தோடு கூட்டமாக நானும்.

எதிர்பார்த்தபடியே எல்லா ஆட்டத்திலும் தோற்று, கடைசிச் சுற்றுக்கு வந்தார். எதிரே வியன்னாவின் எகோன் ப்ருக்மையர். அவர் பெயரைக் கேட்டாலே பலர் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வார்கள். பாதி ஆட்டத்தில் க்வாபில் மந்திரியை நகர்த்தக் கை நீட்டினார். கை மந்திரிக்குப் பக்கத்தில் இருந்த ராணிமேல் பட்டது. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். ராணியைச் சுற்றிச் சொந்தக் காய்கள். போக ஒரே ஒரு கட்டம்தான் திறந்திருந்தது. அந்தக் கட்டத்தின்மேல் ப்ருக்மையரின் குதிரை கண் வைத்திருந்தது.

"ஏசுவே, மாதாவே!" என்று முனகிக்கொண்டு க்வாபில் ராணியை அங்கே வைத்தார்.

ப்ருக்மையருக்கு எங்கள் மொழி தெரியாது. எதிராளி ஜெபம் செய்துவிட்டு ராணியைப் பலிகொடுக்கிறான் என்று நினைத்தார். அதை வெட்டினால் என்ன பொறி இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். தேடினார், தேடினார், கடிகாரம் பாட்டுக்கு ஓடியது. கடைசியில் பயந்துபோய் ராணியைத் தொடாமல் ராஜாவை ஓரமாக ஒதுக்கினார். அதன்பிறகு அவருக்கு நேரமே மிஞ்சவில்லை. அவசரத்தில் ஒரு யானையைத் தூக்கிக் கொடுத்தார், தோற்றார்.

நாங்கள் ஊர் திரும்பியபோது ரயிலடியில் பேண்டு வாத்தியம் வைத்திருந்தார் ஷ்டோல்பா. அப்போது நாங்கள் வியன்னா பேரரசருக்குக் கீழே இருந்தோம். வியன்னாக்காரன் வழுக்கி விழுந்தாலே ஊரில் விருந்து வைப்பார்கள்.

"வியன்னாவை வீழ்த்த ஒரு செக் ராணி தன் உயிரையே கொடுக்கத் துணிந்தாள்!" என்று ஷ்டோல்பா முழங்கினார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"தலைவரே, அது வந்து... என் கை தவறி..." என்று இழுத்தார் க்வாபில்.

"அது உங்க கையா? தேசத்தோட கை! பேசாம தொப்பியைக் கழட்டி ஆட்டுங்க, மாஸ்டர்."

க்வாபில் ஆட்டினார். முதலில் கூச்சமாக, பிறகு நன்றாகவே. ஒரு மாதம் போவதற்குள், அந்த ராணித் தியாகத்தை அன்று காலை தாடி சீவும்போதே பார்த்துவிட்டதாகச் சொல்ல ஆரம்பித்தார். ஞாயிறுதோறும் காபிக்கடையில் விளக்க உரை. ராணியை வெட்டியிருந்தால் குதிரை இப்படி வரும், சிப்பாய் அப்படிப் போகும் என்று வருஷத்துக்கு வருஷம் பொறி வளர்ந்தது. ஆட்டத்துக்கு மட்டும் உட்காரமாட்டார். "மாஸ்டர் இப்ப ஆடறதில்ல, ஆராய்ச்சி பண்றார்" என்பார் ஷ்டோல்பா.

யுத்தம் வந்தது, பேரரசு போனது, சொந்த நாடு கிடைத்தது. உடனே ஷ்டோல்பாவுக்குக் காபிக்கடைச் சுவரில் அந்த வெற்றியின் நினைவாக ஒரு சலவைக்கல் பதிக்கும் ஆசை வந்தது. தோற்றவன் வந்து பார்க்காவிட்டால் அது என்ன விழா? ப்ருக்மையரை அழைத்தார்கள்.

அவரும் வந்தார். வியன்னாவில் அப்போது பஞ்சம். கோட்டுக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேடவேண்டியிருந்தது. வாத்துக்கறியும் மாவுருண்டையும் புளித்த முட்டைக்கோசும் தட்டு தட்டாக உள்ளே போகும்வரை அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தோற்றவன் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று எங்கள் சங்கத்தாருக்குப் பரம திருப்தி.

சாப்பிட்டு முடித்ததும் அவர் க்வாபில் பக்கம் திரும்பி ஜெர்மனில் கேட்டார். பேரரசு காலத்தில் கற்ற ஜெர்மன் எங்களுக்கெல்லாம் மறக்கவில்லை.

"சார், அன்னிக்கு அப்புறம் நான் ஒரு போட்டிகூட ஜெயிக்கல. எவனாவது ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்தாலும் என்ன பொறியோன்னு வெட்டாம விட்டுடறேன். தயவுசெஞ்சு சொல்லுங்க. நான் ராணியை வெட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

க்வாபில் தொண்டையைக் கனைத்தார். ஞாயிற்றுக்கிழமை உரை வரப்போகிறது என்று நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டோம். ஆனால் அவர் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடியைத் தடவப் போன கை பாதியில் நின்றது.

"ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. நான் தோத்திருப்பேன். கை தவறி ராணிமேல பட்டுடுச்சு."

"ஆகா, மாஸ்டரோட தன்னடக்கம்!" என்று ஷ்டோல்பா கை தட்டினார்.

"தன்னடக்கமாவது, மண்ணாவது!" என்றாள் அப்போலேனா. "பக்கத்துல உக்காந்திருந்தவ நான். ஏசுவே மாதாவேன்னு இவர் முனகினது என் காதுல விழுந்துச்சே."

ப்ருக்மையருக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய்! பொறியைச் சொல்ல மனசில்லாம மறைக்கிறீங்க!" மேதையிடம் தோற்றவர் என்ற பெயரோடு எப்படியோ காலம் தள்ளிவிட்டார், ஒருவன் கை தவறியதால் தோற்றவர் என்றால் எப்படித் தாங்குவது?

"வாங்க, வெச்சே பாத்துடுவோம்" என்றார் க்வாபில். பலகையில் அன்றைய நிலையை அடுக்கினார். "இப்ப வெட்டுங்க."

ப்ருக்மையர் ராணியை வெட்டினார். க்வாபில் தன்னால் முடிந்ததெல்லாம் ஆடினார், சீக்கிரமே துடைத்தெடுக்கப்பட்டார். திரும்ப அடுக்கினார்கள். வேறு வழியில் ஆடிப் பார்த்தார், அதிலும் உதை. ஞாயிற்றுக்கிழமைப் பொறிகள் ஒவ்வொன்றாகப் பலகைக்கு வந்து செத்துவிழுந்தன. சங்கத்தார் கூரையைப் பார்த்தார்கள்.

"கழுதை!" என்றார் ப்ருக்மையர்.

"ஆமாங்க" என்றார் க்வாபில்.

அப்புறம் ப்ருக்மையர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, அப்போலேனா தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று. அடுத்த வசந்தத்தில் அவர் எங்கோ ஒரு போட்டியில் பரிசு வாங்கியதாகக் கேள்விப்பட்டோம்.

சலவைக்கல்லை என்ன செய்வது? "எழுத்து வெட்டியாச்சு" என்றார் ஷ்டோல்பா. மறுநாள் பேண்டு வாத்தியத்தோடு திறந்து வைத்தார்கள். வெளியூரிலிருந்து கல்லைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் க்வாபில், "அது பொய்ங்க, கை தவறினது" என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் தொப்பியைக் கழற்றி, "எவ்வளவு பெரிய மனுஷர், எவ்வளவு எளிமை!" என்று நெகிழ்ந்து போனார்கள்.

கடைசியாக ப்ராக்கிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார், செக் மாஸ்டர்களின் ஆட்டங்களைத் தொகுத்துப் புத்தகம் போட. க்வாபில் அவரை உட்கார வைத்து, ராணியை எப்படி வெட்டி ஜெயிப்பது என்பதை நகர்த்தல் நகர்த்தலாகச் சொல்லி எழுதவைத்தார். புத்தகம் வந்தது. ராணித் தியாகத்துக்குப் பக்கத்தில், அபாரமான நகர்த்தலுக்குப் போடும் இரண்டு ஆச்சரியக்குறி. கீழே பொடி எழுத்தில், 'முதுமையில் மாஸ்டர் தம் மேதைமையைத் தாமே குறைத்து மதிப்பிட்டார்' என்று ஒரு வரி.

க்வாபில் அதைப் படித்துவிட்டு அப்போலேனாவிடம், "செத்தாலும் விடமாட்டானுங்கடி" என்றார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு காபிக்கடைக்கு வந்து, ஒரு பீர் சொல்லிவிட்டு, என் எதிரே உட்கார்ந்து காய்களை அடுக்கினார். அன்று என்னிடம் வரிசையாகத் தோற்றார். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வாய் பீர் குடித்து, "இன்னொண்ணு போடு" என்றார்.