பாட்டு வராத கேசட்

சித்தப்பா வாங்கி வந்த கேசட்டில் பாட்டே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள எங்கள் வீட்டுக்கு அதன் இரண்டு பக்கமும் ஓடி முடிய வேண்டியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். அவர் எஸ்டேட் லோரி ஓட்டினார். தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, தானா ராத்தா டவுனில் ரோட்டோரமாக விரித்திருந்த கடையில் அதை வாங்கியிருக்கிறார். அட்டையில் மாலையும் கழுத்துமாக ஒரு சினிமா ஜோடி. உள்ளேயிருந்து வந்ததோ ஒரு வயலினும் ஒரு பியானோவும்.

“இரு லா, முன்னாடி மியூசிக் ஓடுது. பாட்டு இப்ப வந்துரும்” என்றார் சித்தப்பா.

“அரை மணி நேரமாவா முன்னாடி ஓடும்?” என்றார் அம்மா.

கடைசியில், அந்தப் பக்கமாக வந்த எஸ்டேட் ஆபீஸ் கிராணி வாசலில் நின்று கேட்டுவிட்டு, “இது வெள்ளைக்காரங்க கச்சேரிப்பா. ரெண்டே பேரு வாசிக்கிறாங்க. யாரும் பாட மாட்டாங்க” என்றார். சித்தப்பா கேசட்டை வெளியே எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

“இருக்கட்டுமே” என்றார் சித்தி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்து நாளில் அவர் தானாக வாய் திறந்தது அப்போதுதான். சித்திக்குக் காய்ச்சல் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் திரும்பி வருவதற்குள், தொட்டில் கட்டவென்று துவைத்து வைத்திருந்த பழைய சேலையை அம்மா இரும்புப் பெட்டியின் அடியில் திணித்துவிட்டார். குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஆகுமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதன்பிறகு தினமும் கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கழுவியதும் சித்தி அந்தக் கேசட்டைப் போடுவார். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது தடுப்புக்கு மேலாக எங்களுக்குக் கேட்கும். சொல் பிடிபடாது, சண்டையா, சமாதானமா என்பது மட்டும் தெரியும். அந்த இசையும் அப்படித்தான் இருந்தது. வயலின் எதையோ விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பியானோ ரொம்பப் பொறுமையாகப் பதில் சொல்லும். சித்தி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுவார்.

“என்னா புள்ள, அழுவுறியா?”

“இல்லக்கா, இந்த மியூசிக்கு அப்படி இருக்கு.”

அம்மா மேற்கொண்டு கேட்க மாட்டார். சித்தப்பா, “எனக்குமே ஒரு மாதிரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு வெளியே போய் லோரியைத் துடைப்பார். ஒன்றரை அறையில் ஆறு பேர் இருந்தோம். யாரும் அந்தக் கேசட்டைக் குறை சொல்லவில்லை.

எனக்கு ஏழு வயது. சித்தியை அழவைப்பது எது என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பெரியவர்கள் மலையிலிருந்து இறங்குவதற்குள், கேசட்டிலிருந்து நாடாவை முழுவதும் உருவினேன். சுற்றிவிட்டால் மறுபடி பாடுமே என்று ஏழெட்டு இடத்தில் பிய்த்தும் வைத்தேன்.

“ரேடியோ தின்னுருச்சு சித்தி.”

சித்தி அந்தச் சிக்கலை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நுனி தேடினார். பிறகு என் தலையைத் தடவி, “விடு பாப்பா. போனது போயிருச்சு” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா நிஜமான சினிமாப் பாட்டு கேசட்டே கொண்டுவந்தார். கடையிலேயே போட்டுக் கேட்டுப் பார்த்து வாங்கியதாம். வீடே கூடச் சேர்ந்து பாடியது. சித்தியும் பாடினார். அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை.

அந்த வாரத்திலிருந்துதான் சித்தி வேலை முடிந்ததும் விறகு பொறுக்கத் தனியாகப் போக ஆரம்பித்தார். நானும் வருகிறேன் என்றால், “அட்டை கடிக்கும், நீ வராத” என்பார். இருட்டும் நேரத்துக்கு, கண் சிவந்து, கையில் நாலு சுள்ளியோடு திரும்புவார். மேலே காற்று அடிக்கிறது என்றார். எங்கள் மலையில் காற்று அடிக்காத நாள் ஏது? நம்பினேன்.

இவ்வளவு நேரம் போயும் இவ்வளவுதான் விறகா என்று ஒரு நாள் எல்லார் முன்னாலும் அவரைக் கேட்டும் வைத்தேன்.