விமானத்துக்குச் சைகை காட்டியவள்

என் மகளின் முன்கையில் விரல்கள் பதிந்த தடம் ஒரு வாரம்போல இருந்தது. முதலில் சிவப்பு, பிறகு நீலம், பிறகு மஞ்சள். மறைந்துவிட்டதே, இன்னும் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு மறையவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பயமா கோபமா என்று கேட்டால் கோபம் என்றுதான் சொல்வேன். பயப்பட வேண்டியதெல்லாம் அன்றைக்கே பட்டாகிவிட்டது.

அவளுக்கு விமானம் பார்க்கப் பிடிக்கும். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மேலே இரைச்சல் கேட்டால் போதும், வாளியை அப்படியே வைத்துவிட்டு அண்ணாந்து நிற்பாள். எது எங்கே போகிறது என்று காட்டும் ஆப் ஒன்று அவள் போனில் இருந்தது. ஆனால் அதைத் திறப்பதற்கு முன் தானே சொல்லிப் பார்ப்பாள். பின்னால் இரண்டு வெள்ளைக் கோடு என்றால் இரண்டு இன்ஜின். நான்கு கோடு என்றால் பெரிய விமானம், அது அபூர்வம். தெற்கே சாய்ந்து போனால் கொழும்பாகவோ மாலத்தீவாகவோ இருக்கும். இறக்கை உடம்புக்கு மேலே இருந்து, இரண்டு பக்கமும் விசிறி சுற்றினால், தூத்துக்குடியில் இறங்கப் போகிற சின்ன விமானம். சொன்னது சரியாக இருந்துவிட்டால் முகமெல்லாம் சிரிப்பாகிவிடும்.

“யம்மா, இது கொழும்புக்குப் போகுது. உள்ள இருக்கவங்களுக்கு இப்ப சாப்பாடு குடுத்திருப்பாங்க.”

“நீ முதல்ல கீழ வந்து சாப்பிடுட்டி” என்பேன்.

என் கணவரின் ஊர் விளாத்திகுளம் பக்கம். அவருக்கும், நான் பெரியத்தான் என்று கூப்பிடும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவாக அங்கே மானாவாரி நிலம் இருக்கிறது. அந்தக் கரிசலில் மழைக்கு முன்பே விதைத்துவிடுவார்கள். புரட்டாசியில் காய்ந்த புழுதிக்குள் உளுந்தையும் கம்பையும் போட்டு மூடிவிட்டுக் காத்திருப்பார்கள். நல்ல மழை விழுந்தால் முளைக்கும். வெறும் தூறலோடு நின்றால் முளைத்த பிறகு கருகும். விழாமலே போனால் எறும்பு தின்றுவிடும். விதை மண்ணுக்குள் போன நாளிலிருந்து ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கும். அந்தத் தவிப்பு எனக்குப் புரியாததல்ல. அந்த நிலத்து உளுந்தில்தான் நானும் இட்லிக்கு அரைக்கிறேன்.

ஆனால் அந்தத் தவிப்புக்குள்ளிருந்துதான் ஒரு கதையும் கிளம்புகிறது. மேகம் திரண்டால் விமானம் வந்து எதையோ தூவிக் கலைத்துவிட்டுப் போகிறதாம். உப்பளக்காரர்களுக்கும் தீப்பெட்டி ஆபீஸ்காரர்களுக்கும் வெயில் வேண்டுமாம், அவர்கள் செய்கிற வேலையாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிறேன். போன புரட்டாசியில் இந்தக் கதையோடு ஒரு வாட்ஸ்அப் வீடியோவும் சேர்ந்துகொண்டது. எந்த நாட்டில் எடுத்ததோ, விமானத்தின் பின்னால் புகை கொட்டுகிறது. பேசுகிற குரல் மட்டும் தமிழ். தரையில் நின்று ஒரு ஆள் இடம் காட்டினால்தான் சரியாகத் தூவ முடியும் என்று அந்தக் குரல் சொல்லியிருக்கிறது. ஊரில் எல்லாருடைய போனிலும் அது இருந்தது. என் மகளுக்கும் எனக்கும் அப்போது அது தெரியாது.

விதைப்பு முடிந்த அடுத்த வாரம் நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம். மதியம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. பெண்கள் கொடியில் கிடந்த துணியை எடுத்தார்கள். என் மகள் போனையும் அதை நிறுத்தி வைக்கும் மூன்றுகால் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதைக்குப் போனாள். மேகத்துக்கு முன்னால் விமானம் வந்தால் படம் நன்றாக விழும் என்றாள். நான் பெரியத்தான் வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

விசிறி வைத்த சின்ன விமானம் ஒன்று தாழ்வாக வந்தது. வழக்கம்போல நேராகப் போகவில்லை. திரும்பியது. மறுபடியும் வந்தது. ஊருக்கு மேலே வட்டமடித்துக்கொண்டே இருந்தது. அது சுற்றச் சுற்ற, கறுத்து வந்த மேகம் வெளுத்துத் தெற்கே நகர்ந்துவிட்டது. கூச்சல் கேட்டு நான் ஈரக்கையோடு ஓடினேன். வண்டிப்பாதையில் ஊர்க்காரர்கள் என் மகளைச் சூழ்ந்து நின்றார்கள்.

“ஏலே, இவதாம்லே! போனை நட்டுவச்சு இடம் காட்டுதா!”

“டவுன்ல இருந்து வந்து செய்யுத வேலையாட்டி இது? யாரு அனுப்புனா ஒன்னய?”

“நான் சும்மா படம் எடுத்தேன் அண்ணாச்சி” என்றாள் என் மகள். அதோடு விளக்கமும் சொன்னாள். அவளுக்கு விளக்கம் சொல்லித்தான் பழக்கம். “அது ஆளுங்க போற விமானம். தூத்துக்குடியில மழை பெய்யுது, அதான் இறங்க முடியாம சுத்துது.”

“பாத்தியாலே, அவ வாயாலயே சொல்லுதா! இங்கன பேய வேண்டிய மழைய அங்கன கொண்டு தள்ளிட்டானுவ!”

மழை விழுந்தது தூத்துக்குடியில். உப்பளங்கள் இருப்பதும் அங்கேதான். தன் உப்பின்மேலேயே மழையைக் கொட்டச் சொல்லி எந்த உப்பளக்காரன் விமானம் விடுவான்? அந்தக் கூட்டத்தில் ஒருவருக்காவது இது தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. ஒரு பெண் மட்டும், “படிச்ச பிள்ளைல்லா, ஏரோப்ளேனே அவ பேச்சக் கேக்கும்” என்றாள். அதற்குச் சிரிப்பு வேறு.

ஒருவன் ஸ்டாண்டை எட்டி உதைத்தான். போன் கல்லில் விழுந்து உடைந்தது. இன்னொருவன் அவள் கையைப் பிடித்து முறுக்கினான். நான் இடையில் புகுந்து, “அவ எம் பிள்ள. கைய எடு” என்று கத்தினேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். எங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறியவன். “ஒங்க பிள்ளைன்னா என்ன மதினி? எங்க வயித்துல மண்ண அள்ளிப் போட்டா பாத்துக்கிட்டு இருக்கணுமா?” என்றான். கையை எடுக்கவில்லை. யார் என்று தெரிந்துதான் பிடித்திருக்கிறான்.

பெரியத்தான் வந்தார். என் கணவரின் அண்ணன், ஊரில் பேச்சு எடுபடுகிற மனிதர். கூட்டம் விலகியது. அப்பாடா என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்:

“விடுங்கப்பா. சின்னப் பிள்ள, தெரியாமச் செஞ்சிட்டு. இனிமே செய்யாது.”

“நான் ஒண்ணுமே செய்யலையே, பெரியப்பா.”

“சொல்லுததக் கேளு தாயி. ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுரு, முடிஞ்சிரும்.”

அவள் கேட்டாள். உடைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு, தன் கையை முறுக்கியவனிடம், “மன்னிச்சிருங்க” என்றாள். அண்ணனோடு வந்த என் கணவர் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார். வரும்போது பஸ்ஸில், “அண்ணன் வரலைன்னா என்ன ஆயிருக்கும்” என்று அண்ணனைப் புகழ்ந்துகொண்டே வந்தார்.

போனுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. விமான ஆப்பை அவள் நீக்கிவிட்டாள். மாடிக்குப் போவதில்லை, துணி நான்தான் காயப்போடுகிறேன். வகுப்பில் கேள்வி கேட்டால்கூட, தெரிந்தாலும் எழுந்திருப்பதில்லை என்று அவள் தோழி சொன்னாள். விமானம் போனால் போகட்டும். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்கப் பழகிய பெண், நாளைக்கு ஆபீஸில், போகிற வீட்டில், எங்கே போனாலும் அதையே செய்துகொண்டிருப்பாளோ?

ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. தீபாவளிக்கு முன்னால் பெரியத்தான் போன் செய்தார். நான் மாவு பிசைந்த கையோடு ஸ்பீக்கரில் போட்டேன். கணவரும் மகளும் அங்கேயே இருந்தார்கள்.

“உளுந்து அருமையா வந்திருக்கும்மா. நம்ம பயலுவளும் பிள்ளைய மன்னிச்சிட்டானுவ. தீவாளிக்கு எல்லாரும் வந்திருங்க.”

“யார யாரு மன்னிச்சது, பெரியத்தான்?”

“அட, விடும்மா. மழைதான் பேஞ்சிட்டுல்லா, இனிமே என்ன கோவம்?”

“மழை பேயலைன்னா எம் பிள்ளைய என்ன செஞ்சிருப்பீங்க?”

அவர் போனை வைத்துவிட்டார்.

“பெரியவங்ககிட்ட பேசுத பேச்சா இது?” என்று என் கணவர் எழுந்தார். “கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லிரு. குடும்பம் பிரிஞ்சிரக் கூடாது.” அந்த ‘ஒரு வார்த்த’யைக் கேட்டதும் மாவுச் சட்டியைத் தூக்கி எறியலாம்போல இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் போன் மறுபடியும் அடித்தது. பெரியத்தான்தான். நான் மாவுக் கையைத் துடைத்தேன். கணவர் எட்டுவதற்குள் என் மகள் எடுத்துவிட்டாள்.

“பெரியப்பா, நான்தான் பேசுதேன். அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”